நண்டுக்காலும் அழுத்தக் கலமும்

ஓய்மாநாடு என்று பழந்தமிழர் வழங்கிய நிலப்பகுதி திண்டிவனத்தைச் சுற்றி அமைந்திருந்தது. அதன் தலைவன் நல்லியக்கோடன். அவனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, பத்துப்பாட்டில் ஒன்று. பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு பாணனுக்கு வழி சொல்கிறான். வழியோடு சோறும் சொல்கிறான். கடற்கரை ஊராகிய எயிற்பட்டினத்தில் சுட்ட மீன் கிடைக்கும். வேலூரில் புளிச்சோறு கிடைக்கும். மருத நிலத்து ஆமூருக்குப் போனால், உழவர் குடியில் பிறந்த பெண் உங்களைத் தடுத்து நிறுத்தி, உலக்கையின் இரும்புப் பூண் தேயும்வரை குற்றிய அரிசியின் வெண்சோற்றை நண்டுக் கலவையோடு தருவாள் என்கிறான். உரைகாரர் அக்கலவையைப் பீர்க்கங்காயோடு சேர்ந்தது என்று விளக்குவர். டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டை உரையோடு பதிப்பித்தபின் இச்செய்தி தமிழ் கற்றோர் அனைவருக்கும் எட்டிற்று.

நல்லியக்கோடனின் கிடங்கில் இன்று திண்டிவனத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. அங்கிருந்து வந்தவாசி ஏறத்தாழ 40 கிலோமீட்டர். எனவே நம் வட்டாரத்து உணவைப் பற்றி எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று நண்டைப் பற்றியது என்று துணிந்து கூறலாம். வந்தவாசியை உலக வரலாறு 1760 ஜனவரி 22-ஆம் நாள் நடந்த போரைக் கொண்டே அறியும். ஆங்கிலத் தளபதி அயர் கூட், பிரெஞ்சுத் தளபதி லாலியை இங்கே முறியடித்தார் என்று பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். அந்த நாளில் இவ்வூர் வயல்களில் நெல் விளைவித்தவர்கள் என்ன உண்டார்கள் என்று எந்தப் பாடநூலும் கூறுவதில்லை. பீரங்கிக் குண்டுக்கு ஆண்டுக் கணக்கு உண்டு. குழம்புச் சட்டிக்கு இல்லை. அதனாலேயே அடுக்களையின் வரலாற்றை நாமாவது எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

வந்தவாசி கோரைப்பாய்க்குப் பேர்போன ஊர். பாய் நெய்யும் குடும்பங்களில் நம்மவர் பலர். கோரை விளைவதற்கு ஈரம் வேண்டும். ஈரமுள்ள இடத்தில் நண்டும் இருக்கும். ஏரிப் பாசனமுள்ள இப்பகுதியில் வரப்பின் ஓரத்தில் வளை தோண்டி வாழும் வயல் நண்டை உழவன் நண்பனாகக் கருதுவதில்லை. அது இளநாற்றை அறுக்கும். வரப்பைத் துளைத்து நீரை ஒழுகவிடும். ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் ‘கள்வன் பத்து’ என்றே ஒரு பத்துப் பாடல்கள் உள்ளன. கள்வன் என்பது அங்கே நண்டின் பெயர். விதைத்த முளையை நண்டு அறுப்பது அப்பாடல்களில் பேசப்படுகிறது. அலவன், நள்ளி, ஞெண்டு என்பனவும் அதன் பழம்பெயர்கள். ஒரு பிராணிக்கு இத்தனை பெயர் இட்ட மக்கள் அதை அருகிருந்து கண்டவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

நடவுக் காலத்திலும் மழைக் காலத்திலும் வளையிலிருந்து நண்டு பிடித்து உண்பது வயலில் கூலிக்கு உழைப்பவர்களின் வழக்கம். இருளர் மக்களும் அவ்வாறே. உடற்பகுதியைக் குழம்பில் இடுவர். கால்களில் எடுத்துத் தின்ன என்ன இருக்கிறது? முன்னிரண்டு கொடுக்குகளில் மட்டும் கொஞ்சம் சதை. ஏனைய எட்டும் ஈர்க்குச்சி. ஆனால் அவற்றை எறிவதில்லை. உரலில் இட்டு நசுக்கி, மிளகும் சீரகமும் பூண்டும் சேர்த்துக் கொதிக்கவைத்து, வடித்து, சளி பிடித்தவர்களுக்குக் கொடுப்பார்கள். நண்டுக்கால் சாறு என்பது அதன் பெயர். சிலர் ரசம் என்பர். அது நோயைத் தீர்க்கும் என்று நான் சாதிக்க வரவில்லை. சூடான மிளகுநீர் எதுவாயினும் அடைத்த மூக்குக்கு ஆறுதல்தான்.

சென்னை, புதுவை, மரக்காணம் பக்கமிருந்து பனிக்கட்டிப் பெட்டிகளில் கடல் நண்டு உள்நாட்டுச் சந்தைகளுக்கு வரத் தொடங்கியபின் நிலைமை மாறியது. நீலக்கால் நண்டு, முதுகில் மூன்று புள்ளியுள்ள முக்கண் நண்டு, சிலுவை நண்டு, கழிமுகத்துச் சேற்று நண்டு என்று வகைகள் பெருகின. பணமுள்ளோர் வீட்டு விருந்திலும் நண்டு இடம்பெற்றது. கூடையில் இருந்தபோது இழிவாகப் பார்க்கப்பட்டது, தட்டில் வைத்தவுடன் பெருமையாகிவிட்டது. உணவின் வரலாற்றில் இத்தகைய வேடிக்கைகளுக்குப் பஞ்சமில்லை.

இனி நம் வாசகர்கள் மனத்தில் எழும் கேள்விக்கு வருவோம். நண்டு உண்ணலாமா?

இக்கட்டுரை தீர்ப்பு வழங்குவதற்காக எழுதப்படவில்லை. அவரவர் தத்தம் மத்ஹபின் ஆலிம்களைக் கேட்டுக்கொள்க. ஆயினும் முன்னோர் இக்கேள்வியை எவ்வாறு எதிர்கொண்டார்கள் என்பது வரலாறு. அதை அறிந்துகொள்வதில் தடையில்லை.

திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் 96-ஆம் வசனம் கடலின் வேட்டையையும் அதன் உணவையும் ஆகுமாக்குகிறது. கடலின் நீர் தூய்மையானது, அதில் இறந்ததும் ஆகுமானது என்னும் கருத்துடைய நபிமொழி இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவிலும், அபூதாவூது, திர்மிதீ ஆகிய தொகுப்புகளிலும் உள்ளது. இவற்றின் பொதுமையை அப்படியே ஏற்று, மாலிக்கிகள் நண்டை ஆகுமென்றனர். ஹன்பலி மத்ஹபின் பேரறிஞர் இப்னு குதாமா (இறப்பு ஹிஜ்ரி 620), அல்முக்னீ என்னும் நூலில், நண்டில் குற்றமில்லை என்று இமாம் அஹ்மது (ரஹ்) கூறியதை எடுத்துரைக்கிறார். ஓடும் குருதி இல்லாமையால் அதை அறுக்கவும் வேண்டியதில்லை. ஹனபி அறிஞர்களோ நீர்வாழ் உயிர்களில் மீனை மட்டுமே ஏற்றனர். அருவருப்பானவற்றைத் தடுப்பதாகக் கூறும் அல்அஃராஃப் 157-ஆம் வசனம் அவர்களுடைய சான்று. இறால் மீன் இனமா அன்றா என்று ஹனபி ஆலிம்கள் நெடுங்காலம் வாதிட்டதுண்டு. நண்டின் பொருட்டு அவர்களுக்குள் அத்தகைய வாதம் எழவில்லை.

ஷாபிஈ மத்ஹபின் செய்திதான் சுவையானது. இமாம் நவவீ (ரஹ்) ஹிஜ்ரி 631 முதல் 676 வரை வாழ்ந்தவர்கள். அவர்களுடைய மின்ஹாஜ், கடலோரத் தமிழகத்திலும் மலபாரிலும் ஈழத்திலும் மலாய் நாடுகளிலும் மதிக்கப்படும் நூல். அதில், நிலத்திலும் நீரிலும் வாழ்வன ஆகா என்று கூறி, தவளையோடும் பாம்போடும் நண்டையும் சேர்த்து எண்ணுகிறார்கள். அதே இமாம் தம் பெருநூலாகிய மஜ்மூஃவில், தவளை நீங்கலாகக் கடலில் வாழும் யாவும் ஆகும் என்பதே சரியான, நம்பத்தக்க கருத்து என்கிறார்கள். ஒருவரே இரண்டும் எழுதினார்கள். பின்வந்தோர் இவ்விரண்டையும் இணைக்கப் பட்ட பாடு தனி ஒரு நூலாகும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ஷாபிஈ அறிஞர்களின் வாதம் முழுவதும் நண்டு எங்கே வாழ்கிறது என்பதைச் சுற்றியே நிற்கிறது. அதை உண்பவன் யார், அவன் குலம் என்ன, அவன் குடிசையில் வாழ்கிறானா மாடியில் வாழ்கிறானா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேள்வி பிராணியைப் பற்றியது, மனிதனைப் பற்றியதன்று.

பிராணியைப் பற்றியது என்பதால் அறிவு வளர வளர விடையும் நுணுக்கமாயிற்று. கெய்ரோவில் வாழ்ந்த ஷாபிஈ அறிஞர் தமீரீ (இறப்பு ஹிஜ்ரி 808) விலங்குகளை அகர வரிசையில் விவரிக்கும் ஹயாத்துல் ஹயவான் என்னும் நூலை இயற்றினார். ஸரத்தான் என்னும் தலைப்பில் நண்டைச் சொல்லோவியமாகத் தீட்டுகிறார்: பார்ப்பவர்க்குத் தலையற்ற பிராணியாகத் தோன்றும், கண்கள் தோளில், வாய் மார்பில், எட்டுக் கால், ஒருபுறமாகச் சாய்ந்து நடக்கும். கொடுக்கைக் காலோடு சேர்த்து எண்ணும் இன்றைய விலங்கியலார் பத்து என்பர். அது எண்ணும் முறையின் வேறுபாடே.

ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின் இக்கேள்வி மீண்டும் எழுந்தது. 2002 ஜூன் 15-ஆம் நாள் இந்தோனேஷிய உலமா சபை நண்டைக் குறித்து ஒரு ஃபத்வா வெளியிட்டது. அந்நாடு ஷாபிஈ மத்ஹபைப் பெரிதும் பின்பற்றும் நாடு. சபையினர் நூல்களை மட்டும் புரட்டிவிட்டு அமையவில்லை. மீன்வள அறிஞரை அழைத்துக் கேட்டனர். சேற்று நண்டு செவுளால் மூச்சுவிடுகிறது, நீரில் முட்டையிடுகிறது, நீரைச் சார்ந்தே வாழ்கிறது, ஆகவே இருபுலத்து உயிரன்று என்று அவர் விளக்கினார். உடல்நலத்துக்குக் கேடு செய்யாத அளவில் அது ஆகும் என்று சபை முடிவு செய்தது. ஃபத்வாவில் குறிக்கப்பட்ட நால்வகைச் சேற்று நண்டுகளுள் ஒன்றின் அறிவியற்பெயர் ஸ்கில்லா டிராங்குபாரிக்கா. டிராங்குபார் என்பது நம் தரங்கம்பாடி! டேனிஷ்காரர்களின் வசமிருந்த அவ்வூரின் பெயரை ஃபெப்ரீஷியஸ் என்னும் டென்மார்க் அறிஞர் 1798-இல் அந்த நண்டுக்கு இட்டார். மற்றொன்று ஸ்கில்லா செர்ராட்டா. அதை முதலில் விவரித்தவர் ஃபோர்ஸ்கால்; டென்மார்க் மன்னர் அரபு நாட்டுக்கு அனுப்பிய ஆய்வுக் குழுவில் சென்று, செங்கடற்கரையில் உயிரினங்களைத் திரட்டி, 1763-இல் யமனில் காய்ச்சலால் இறந்தவர். அவர் குறிப்புகள் 1775-இல் அச்சேறின. அரபுக் கடற்கரையும் சோழமண்டலக் கடற்கரையும் ஜகார்த்தாவில் எழுதப்பட்ட ஒரு ஃபத்வாவில் கைகோத்து நிற்கின்றன.

நம் வயல் நண்டின் கதை வேறு. அதற்கும் அதே ஃபெப்ரீஷியஸ், அதே 1798-ஆம் ஆண்டில்தான் பெயர் சூட்டினார். அது கடலைக் காணாமலே பிறந்து வளர்ந்து மடிவது. கடல் நண்டின் குஞ்சு உருமாறி உருமாறி நீரில் மிதந்து வளரும். வயல் நண்டின் குஞ்சோ முட்டையிலிருந்தே சிறு நண்டாக வெளிவந்து தாயின் வயிற்று மடலில் ஒட்டிக்கொண்டிருக்கும். வளையில் வாழ்கிறது, இரவில் வரப்பில் உலாவுகிறது, ஆயினும் செவுள் நனைந்திருந்தாலன்றி மூச்சுவிட இயலாது. இருபுலத்து உயிர் எது என்று மின்ஹாஜின் விரிவுரையில் மாணவர்கள் வாதிடும்போது, அந்த மாணவர்களை ஒருமுறை வந்தவாசி வரப்புக்கு அழைத்துச் செல்லலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஹனபியாகிய நாம் நண்டை உண்பதில்லை. சரி. உண்ணாமையும் அசுத்தமும் ஒன்றா? மதரஸாவில் முதலாண்டுகளில் ஓதப்படும் முக்தஸருல் குதூரீயைத் திறந்து பாருங்கள். இமாம் குதூரீ (இறப்பு ஹிஜ்ரி 428) நீரைப் பற்றிய பாடத்தில், நீரில் வாழும் உயிர் நீரில் இறந்தால் நீர் கெடாது என்று கூறி மூன்று எடுத்துக்காட்டுகள் தருகிறார்கள்: மீன், தவளை, நண்டு. ஹிதாயாவும் அவ்வாறே விளக்குகிறது. நண்டு செத்து மிதக்கும் தொட்டியில் ஒளூச் செய்து தொழுகையில் நிற்கலாம்! நண்டைத் தட்டில் ஏற்காத அதே மத்ஹபு, அதைத் தீட்டாகவும் கருதவில்லை.

நான் பணியாற்றிய பள்ளியொன்றில் இப்பாடம் வேறு வகையில் பயன்பட்டது. வயல் வேலை செய்யும் குடும்பத்துப் பையன் ஒருவன் மதிய உணவுக்கு நண்டுக் குழம்பு கொண்டுவந்தான். பக்கத்திலிருந்த பிள்ளைகள், நம் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களுள் உண்டு, பலகையை விட்டு எழுந்து மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பையன் தூக்கை மூடிவிட்டுப் பட்டினி கிடந்தான். மாலையில் என்னிடம் குதூரீ ஓதிக்கொண்டிருந்த பெரிய மாணவர்கள் இருவரை அழைத்து, நீரின் பாடத்தை அப்பிள்ளைகளுக்கு வாசித்துப் பொருள் சொல்லச் சொன்னேன். நான் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பலகை நிறைந்திருந்தது. அவன் குழம்பை மற்றவர்கள் கேட்கவுமில்லை, அவன் கொடுக்கவுமில்லை. பக்கத்தில் அமர்ந்து உண்டார்கள். அவ்வளவே வேண்டியது.

இனிக் கலத்தின் வரலாறு. நண்டுக்கால் சாறு பழமையானது. அதை இன்று வீடுகளில் வைக்கும் பிரஷர் குக்கரும் நாம் எண்ணுவதைவிடப் பழமையானதே.

தெனி பாப்பேன் என்பவர் 1647-இல் பிரான்சு நாட்டின் புளுவா நகருக்கு அருகில் பிறந்தார். பாரிசில் ஹைகன்ஸ் என்னும் பேரறிஞருக்கு உதவியாளராக இருந்து, பின் லண்டன் சென்று ராபர்ட் பாயிலிடம் பணிபுரிந்தார். 1679-இல் அங்குள்ள ராயல் சொசைட்டியின் முன் ஒரு கலத்தைக் காட்டினார். கனத்த உலோகப் பாத்திரம். இறுக மூடித் திருகாணியால் பிணைத்த மூடி. உள்ளே சிறைப்பட்ட நீராவியின் அழுத்தத்தால் நீர் வழக்கமான வெப்பத்தில் கொதிக்காமல் மேலும் சூடேறும். 1681-இல் அதைப் பற்றி நூல் எழுதினார். எலும்பை இளக்குவதற்கான கருவி என்பதே அவர் அதற்குத் தந்த அறிமுகம். மற்றவர் எறியும் எலும்பிலிருந்து ஏழைகளுக்கு உணவு எடுக்கலாம் என்பது அவர் எண்ணம். கலம் வெடித்துவிடாமலிருக்க மூடியில் ஒரு துளையிட்டு, அதன்மேல் நெம்புகோலும் எடைக்கல்லும் வைத்தார். அழுத்தம் மிகுந்தால் ஆவி எடையைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். இன்று நம் குக்கரின் மேல் தலையாட்டிக் கூவுகிற வெயிட்டின் மூதாதை அது. பின்னாளில் நீராவி எந்திரங்களைக் காத்த பாதுகாப்பு வால்வும் அதுவே. சமையற்கட்டில் பிறந்ததுதான் தொழிற்சாலைக்குப் போயிற்று.

1682 ஏப்ரல் 12-ஆம் நாள் ராயல் சொசைட்டி உறுப்பினர்கள் இக்கலத்தில் சமைத்த விருந்தை உண்டார்கள். ஜான் ஈவ்லின் என்பவர் தம் நாட்குறிப்பில் அதை எழுதிவைத்தார். மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் பாலாடைக்கட்டி போல் இளகிவிட்டனவாம். மீனை முள்ளோடு தின்றார்களாம். எரிந்த கரியோ மிகச் சொற்பமாம். எலும்பிலிருந்து இறங்கிய கூழை ஒரு கண்ணாடிக் குவளையில் தம் மனைவிக்கு அனுப்பினாராம். அறிஞர்கள் கூடிய சபையிலிருந்து மனைவிக்கு ஒரு பங்கு அனுப்பிய அந்த மனிதரை எனக்குப் பிடித்திருக்கிறது.

பாப்பேன் புராட்டஸ்டண்டு மதத்தவர். 1685-இல் பிரெஞ்சு மன்னர் அம்மதத்தாரின் உரிமைகளைப் பறித்தபின் அவரால் தாய்நாடு திரும்ப இயலவில்லை. ஜெர்மனியில் பேராசிரியராக இருந்து, 1690-இல் நீராவியால் உந்துதண்டை இயக்கும் வழியை வெளியிட்டார். இறுதியில் லண்டனுக்கே வந்து, வறுமையில் மறைந்தார்.

நம்மவர் சிலர், நீராவியை முதலில் அடுக்களையில் பயன்படுத்தியவர் ஒட்டோமன் பேரரசின் வானியலறிஞர் தகியுத்தீன் என்பார்கள். அவர் 1551-இல் எழுதிய நூலில், நீராவி பாய்ந்து சக்கரத்தைச் சுழற்ற, அதனால் இறைச்சி கோத்த கம்பி சுழலும் பொறி ஒன்றை விவரித்தது உண்மை. ஆனால் அது மூடிய கலத்தில் வேகவைப்பதன்று. இருக்கும் பெருமை போதும். இல்லாததைச் சேர்க்க வேண்டியதில்லை.

பாப்பேனுக்கு இருநூறாண்டு கழித்து, 1879-இல், பாஸ்டரின் உதவியாளர் ஷாம்பர்லாண்டு அதே தத்துவத்தில் மருத்துவக் கருவிகளைத் தூய்மையாக்கும் ஆட்டோகிளேவ் என்னும் கலத்தை அமைத்தார். வீட்டுக்கான எளிய குக்கர்கள் அமெரிக்காவில் 1930-களின் இறுதியில் விற்பனைக்கு வந்தன. நம் நாட்டில் 1910-இல் வங்காளத்து இந்துமாதவ் மல்லிக் அமைத்த இக்மிக் குக்கர் கரியடுப்பின் மேல் அடுக்கிய தட்டுகளில் ஆவியால் வேகவைப்பது, அழுத்தக் கலமன்று. 1959-ஆம் ஆண்டை ஒட்டி டி.டி.கே. குழுமம் பிரஸ்டீஜ் குக்கரையும், பம்பாயில் எச்.டி. வாசுதேவா ஹாக்கின்ஸ் குக்கரையும் ஆங்கில நிறுவனங்களின் துணையோடு இங்கே செய்யத் தொடங்கினர். மண்ணெண்ணெய்க்கு அட்டையோடு வரிசையில் நின்ற குடும்பங்களுக்கு அதன் அருமை தெரியும். மணமகளின் சீர்வரிசையில் அது இடம்பெற்ற காலமும் வந்தது. 2021 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையில்லாத குக்கரை விற்பது சட்டப்படி குற்றம்.

குக்கர் வந்தபின் ஆட்டுக்கால் பாயா அதிகாலை வரை விறகெரிக்காமல் வீட்டிலேயே ஆயிற்று. பாப்பேன் கண்ட கனவு அப்படியே நிறைவேறியது அங்கேதான். வெளியே 100 பாகையில் கொதிக்கும் நீர், குக்கருக்குள் ஏறத்தாழ 120 பாகை வரை ஏறுகிறது. எலும்பையும் நரம்பையும் பிணைக்கும் புரதம் அந்த வெப்பத்தில் விரைவாகக் கரைந்து கூழாகிறது. இதைக் கண்டவர்கள் நண்டுக்காலையும் அவ்வாறே அரைமணி நேரம் வைத்தால் ஓடு கரைந்து சாறாகும் என்று எண்ணினர். ஆகாது. நண்டின் ஓடு எலும்பன்று. அது கைட்டின் என்னும் நார்ப்பொருளும் சுண்ணாம்பும் சேர்ந்தது. கூழாகும் புரதம் அதில் இல்லை. எத்தனை விசில் வந்தாலும் ஓடு ஓடாகவே இருக்கும். உள்ளிருக்கும் மெல்லிய சதையோ நாராகிச் சுவை கெடும். எலும்பை வென்ற கலம் நண்டுக்காலிடம் தோற்றுப்போகிறது.

எனவே குக்கரில் நண்டுக்கால் வைப்பவர்கள் இரண்டு வேலையாகப் பிரித்துக்கொள்கிறார்கள். நான் உண்பவனல்லன் என்பதால் சுவைக்குப் பொறுப்பேற்க மாட்டேன். முறையை மட்டும் சமைப்பவர்களிடம் கேட்டு எழுதுகிறேன். கொடுக்குகளை இலேசாகத் தட்டி விரிசல் விட்டுத் தனியே எடுத்துவைத்து, சதைக்காக மசாலாவோடு திறந்த சட்டியில் பத்து நிமிடம் வேகவைப்பார்கள்; குக்கரே வேண்டுமென்றால் ஒரு விசில், அதற்கு மேல் இல்லை. மெல்லிய கால்கள்தாம் சாற்றுக்கு. அவற்றை நன்றாகக் கழுவி, அம்மியிலோ உரலிலோ நசுக்கி, ஒரு வெள்ளைத் துணியில் கிழியாகக் கட்டிவிட வேண்டும். அரைக்கிலோ காலுக்கு ஒரு லிட்டர் நீர், பத்துச் சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, ஒரு கரண்டி மிளகும் சீரகமும், மஞ்சள், கறிவேப்பிலை. இரண்டு விசில். அடுப்பை அணைத்து ஆவி தானே அடங்கும்வரை காத்திருந்து, கிழியை எடுத்துப் பிழிந்துவிட்டு, உப்பும் மல்லித்தழையும் சேர்க்க வேண்டியதுதான். துணி வழியே வடிந்தாலும் இன்னொரு முறை வடிகட்டினால், ஓட்டுத் துண்டு குழந்தையின் தொண்டையில் சிக்கும் அச்சமில்லை.

துணிக்கிழி வீண் அலங்காரமன்று. நசுங்கிய ஓட்டின் சிம்பு குக்கரின் ஆவித்துளையில் போய் அடைத்தால், பாப்பேன் அமைத்த காவல் பயனற்றுப் போகும். துளையில் வெளிச்சம் தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் மூடியைத் தூக்கிப் பார்த்துக்கொள்வதும், நீர்ப்பண்டத்தைக் கலத்தின் பாதிக்குமேல் நிரப்பாதிருப்பதும், கேஸ்கட் வெடித்திருந்தால் மாற்றுவதும் எளிய காரியங்கள். ஆவி அடங்குமுன் மூடியைப் பலவந்தமாகத் திறந்து முகத்தில் வெந்தவர்களை ஊரில் எல்லோரும் அறிவோம்.

நண்டு உயிரோடு இருக்கும்போது வாங்கியதாக இருக்க வேண்டும். செத்துக் கிடந்த நண்டு மிக விரைவில் கெடும். குக்கரின் வெப்பம் கெட்டதை நல்லதாக்காது. நண்டு ஒவ்வாத உடம்புக்காரர்களுக்கும் குக்கர் துணை செய்யாது; ஒவ்வாமை உண்டாக்கும் புரதம் கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை. வயல் நண்டை மட்டும் ஒருபோதும் அரைவேக்காட்டில் உண்ணலாகாது. நன்னீர் நண்டின் சதையில் நுரையீரலைத் தாக்கும் ஒரு தட்டைப்புழுவின் முட்டைப்பருவம் கடந்த குஞ்சுகள் தங்குவதுண்டு. மணிப்பூரில் நண்டைப் பச்சையாகவும் அரைகுறையாகவும் உண்டவர்களுக்கு இருமலும் குருதிச் சளியும் கண்டு, காசநோய் என்று மருந்து கொடுத்துப் பயனின்றி, 1980-களில்தான் புழுவே காரணம் என்று தெளிவாயிற்று. முழுதும் வெந்தால் புழு அழியும்; இந்த ஓரிடத்தில் குக்கரின் கூடுதல் வெப்பம் உண்மையாகவே காவல்.

பூச்சிமருந்து அடித்த வயலின் நண்டுக்கு அந்தக் காவலும் இல்லை. எண்ட்ரின் என்னும் கொடிய நஞ்சு 1990-இல் தடைசெய்யப்பட்டது. அதன் இடத்துக்கு வேறு மருந்துகள் வந்தன. மருந்து தெளித்த வயலில் சில நாள் நண்டு பிடிக்காதே என்று கூலியாட்களுக்குச் சொல்வது நிலவுடைமையாளரின் கடமை. சொல்லாமல் விட்டால், பிடித்தவனுக்கு அதை அறிய வேறு வழியில்லை.

கடைசியாக, பல வீடுகளிலிருந்து வரும் ஒரு கேள்வி. உள்நாட்டு ஹனபிக் குடும்பங்களும் கடலோர ஷாபிஈக் குடும்பங்களும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறார்கள். கடலோர வீடுகளிலும் மின்ஹாஜைப் பிடித்து விலகியிருப்பவர்கள் உண்டு, மஜ்மூஃவைச் சொல்லி உண்பவர்களும் உண்டு. மருமகள் நண்டுச்சாறு வைத்த குக்கரில் மறுநாள் மாமியார் பருப்பு வேகவைக்கலாமா? மௌலானா அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் அவர்கள் நிறுவிய வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் இரு மத்ஹபுகளின் ஃபிக்ஹும் ஓதப்படுகின்றன. அங்கு ஓதியவர்களுக்கு இது கடினமான கேள்வியன்று. குதூரீயின் நீர்ப்பாடம் ஏற்கெனவே விடை சொல்லிவிட்டது. நண்டு உண்ணாதவர்களுக்கும் அது பட்ட பாத்திரம் கழுவினால் போதும். கேஸ்கட்டின் பள்ளத்தில்தான் வாடை தங்கும். அதைக் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்தால் போய்விடும் என்கிறார்கள். சில வீடுகளில் இரண்டு கேஸ்கட் வைத்துக்கொள்கிறார்கள்.